இரண்டு மணி என்றால் இரண்டு மணி

மேடையின் ஓரத்தில், கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறேன். கீழே இரண்டாயிரம் பேர். அகலத் தொப்பிகள், பியர்க் கோப்பைகள், சூடான சோளப்பொரி மணம். நடுவே, மேடைக்கு நேரெதிரே, மூன்று வரிசை மட்டும் மொட்டையாகக் கிடக்கிறது. நாற்பத்திரண்டு சிவப்புக் கதிரைகள். அவ்வளவும் என் சொந்தக்காரருக்கென்று நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்த இடம்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. இரண்டு மணிக்கு நான் பாட வேண்டும்.

அப்பாவுக்கு போன் அடித்தேன்.

"எங்க அப்பா நிக்கிறியள்?"

"இந்தா வந்திட்டம் பிள்ளை. கிட்டத்தான்."

"கிட்ட எண்டா எவடம்?"

பின்னால் பஸ் இரைந்தது. யாரோ ரோல்ஸ் பலகாரப் பெட்டியை இங்கே நீட்டச் சொன்னார்கள். யாரோ சிரித்தார்கள். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"அஜக்ஸில."

என்ர மாதாவே! நான் நின்றது நகரத்தின் நடுவில். ஸ்காபரோவில் பஸ் ஏறிய சனம் மேற்கே என்னிடம் வருவதை விட்டுவிட்டு, கிழக்கே அஜக்ஸில் போய் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை 401 நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்று இருபது வருடம் ட்ரக் ஓடிய மனிதனுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

"அங்க ஏனப்பா போனனீங்கள்?"

"றீற்றாவையும் ஆக்களையும் விட்டிட்டு வாறதே? அவை இப்பதான் வெளிக்கிடினம்."

கார்ட்டில் ஐந்து, மண்டபத்தில் ஏழு

கொஞ்சம் நிறுத்துகிறேன். போன வாரம், கோழிச்செட்டை விற்கும் பார்களில் ஐந்து பேருக்கு முன்னால் நான் கன்றி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டைப் பாடித் திரிந்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஒரு ஐயா, "ஏன் பிள்ளை எப்ப பார்த்தாலும் எங்கட சனத்தையே குறை சொல்லுறியள்?" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். ஐயா, இந்த வாரம் நீங்கள் வாசிக்காமல் விடுவது நல்லது.

எங்கள் ஆட்களின் நேரக் கணக்கு வெளியாருக்கு விளங்காது. கலியாணக் கார்ட்டில் ஐந்து மணி என்று அடிப்பார்கள். ஏழு மணிக்குத்தான் சனம் வரும் என்று அடிப்பவருக்குத் தெரியும். ஐந்து என்று அடித்தவர் ஏழை மனதில் வைத்துத்தான் அடித்தார் என்று வருபவருக்கும் தெரியும். ஆகவே அவர் எட்டுக்கு வருவார். அடுத்த கலியாணத்துக்கு நாலு என்று அடிப்பார்கள். இப்படியே போனால் ஒரு காலத்தில் கலியாணத்துக்கு முந்தின நாள் திகதி போட்டுக் கார்ட் வரும்.

அப்பாவும் அதைத்தான் செய்தார். பஸ் பன்னிரண்டுக்கு வெளிக்கிட வேண்டும். சனத்துக்குப் பத்து மணி என்று சொன்னார். றீற்றா அன்ரி அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை, அவருடைய குணத்தை அறிந்தவர். "அன்ரன் அண்ணை பத்தெண்டா பன்னிரண்டு. பன்னிரண்டெண்டா ஒரு மணிக்குப் பாப்பம்" என்று ஆறுதலாகக் குளிக்கப் போயிருக்கிறார். அஜக்ஸில் வீடு மலிவு என்று போனவர். அங்கிருந்து ரயில் ஏறினால் நகரத்துக்கே வந்து இறங்கலாம். ஏன் ஏறுவார்? அண்ணன் பஸ் பிடித்திருக்கிறார் அல்லவா!

எனக்கு இதில் தாங்க முடியாதது வேறொன்று. அப்பா வேலையில் ஒரு நாளும் பிந்தியதில்லை. டெக்ஸஸிலிருந்து தக்காளி ஏற்றி வந்தால், சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் கேற் வாசலில் நிற்பார். பனி கொட்டினாலும் நிற்பார். தக்காளிக்கு நேரத்துக்குப் போன மனிதன் மகளுக்குப் போகவில்லை.

பள்ளிக்கூட லீவும் ட்ரக் ரேடியோவும்

"நீ ஒரு தமிழ்ப் பிள்ளை, உனக்கு ஏன் உந்தக் கௌபோய்ப் பாட்டு?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேய்ந்துவிட்டது. பேட்டி எடுக்கிற வெள்ளைக்காரரும் இதையேதான் கேட்பார்கள், கொஞ்சம் இனிப்புத் தடவி.

காரணம் மிகச் சாதாரணம். நாங்கள் டோர்செட் பார்க்கில் பதினாலாம் மாடியில் இருந்தோம். அம்மா பகலில் தொழிற்சாலை வேலை. பள்ளிக்கூட லீவில் என்னைப் பார்க்க ஆளில்லை. அப்பா என்னைத் தன் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விடுவார். நாலைந்து நாள் ஓட்டம். தெற்கே போகப் போக ரேடியோவில் இரண்டே இரண்டுதான் கிடைக்கும்: ஒன்று பிரசங்கம், மற்றது கன்றி.

பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமை போதும் என்று அப்பா மற்றதைப் போடுவார். ஆங்கிலம் பாதிதான் விளங்கும். ஆனால் வேலை போனவன் பாடுகிறான், வீட்டை விட்டு வந்தவன் பாடுகிறான் என்பது அவருக்கு விளங்கிவிடும். "பாவம், இவனும் எங்களை மாதிரித்தான்" என்பார். கிற்றாரை நான் ஸ்காபரோவில் எங்கள் மாதா கோயில் தமிழ்ப் பூசையில், பாடகர் குழுவில் பழகினேன். பாட்டு எழுதப் பழகியது அந்த முன் சீற்றில்.

இதை எங்கள் தமிழ் விழா நடத்துகிறவர்களுக்குச் சொன்னால் தலையாட்டுவார்கள். பிறகு, "அது சரி, ஒரு சினிமாப் பாட்டும் எடுத்து விடுங்கோவன், கரோக்கே ட்ராக் இருக்கு" என்பார்கள். கோதாரி!

அந்தப் பாட்டு

இனி, அந்த நாற்பத்திரண்டு கதிரைகளுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று சொல்ல வேண்டும்.

பத்து வருடப் பார் வாழ்க்கைக்குப் பிறகு ஒரு பெரிய இசைக் கொம்பனி என் முதல் ஆல்பத்தைப் போட முன்வந்திருந்தது. அவர்கள் கேட்டது ஒரே ஒரு பாட்டை. அதுதான் முதலில் வெளிவர வேண்டும், அது இல்லையென்றால் ஆல்பமும் இல்லை. என் மனேஜர் ட்ரிஷ் திங்கட்கிழமை காலை அவர்களுக்கு மறுமொழி சொல்ல வேண்டும். இது ஞாயிறு.

அந்தப் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ட்ரக்கை ரிவேர்ஸ் எடுக்கிற அப்பாவின் பாட்டு. அப்போது அதை ட்ரிஷ்ஷையும் கொம்பனிக்காரரையும் தவிர ஒருவரும் கேட்டதில்லை.

எனக்குப் பதினொரு வயது. அப்பா ட்ரக் ஓடத் தொடங்கிய முதல் வருடம். டெனஸியில் ஒரு பெரிய பண்டகசாலை. சாமான் இறக்கும் மேடையை டொக் என்பார்கள். இரண்டு ட்ரக்குக்கு நடுவில், அளந்து விட்ட மாதிரி இடைவெளிக்குள், ஐம்பத்து மூன்று அடி ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுத்து அதில் பொருத்த வேண்டும். அப்பாவால் முடியவில்லை. முன்னுக்கு எடுத்தார், பின்னுக்கு எடுத்தார், வளைந்தது, திரும்ப எடுத்தார். பின்னால் வரிசை நீண்டது. ஹோர்ன் அடித்தார்கள். சிலர் இறங்கி வந்து கை கட்டி நின்று சிரித்தார்கள். அங்கே வேலை செய்யும் ஒருவன் கெட்ட வார்த்தையில் ஏசினான். அப்பா ஜன்னலைத் திறந்து, "சொறி சேர், சொறி சேர்" என்றார். எத்தனை தரம் சொன்னார் என்று நான் எண்ணினேன். பதினொன்று.

கடைசியில் பொருத்தினார். சாமான் இறக்கியான பிறகு ஒரு கடைக்குக் கூட்டிப்போய் எனக்கு பான்கேக் வாங்கித் தந்தார். தான் சாப்பிடவில்லை. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"அம்மாட்டச் சொல்லாத, என்ன?"

நான் சொல்லவில்லை. இருபது வருடம் ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு மூன்றரை நிமிடப் பாட்டாக எழுதிவிட்டு, ஊர் முழுக்கச் சொல்லப் போகிறேன் என்று நிற்கிறேன். அவரைக் கேட்காமல் எப்படி?

நேரே கேட்க எனக்குத் துணிவில்லை. மூன்று தரம் வீட்டுக்குப் போனேன். மூன்று தரமும் அப்பா குளிர்கால டயரைப் பற்றிக் கதைக்க, நானும் டயரைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன். பிறகு ஒரு கள்ள யோசனை வந்தது. மேடையில் பாடினால் கேட்பார். ஆங்கிலப் பாட்டு, சொந்தக்காரர் சொல்லைக் கவனிக்க மாட்டார்கள், அப்பா கவனிப்பார். சனத்துக்கு நடுவில் ஏசவும் மாட்டார். வெட்கம் கெட்ட யோசனைதான். அவர் முகத்தைப் பார்த்தால் ஓமா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும் என்று நம்பினேன். அப்பாவுக்கு ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லி வைத்தேன்.

முப்பத்தைந்து நிமிடம்

சரியாக இரண்டு மணிக்கு மேடைப் பொறுப்பாளர் என் தோளில் தட்டினார்.

"ஒரு பத்து நிமிஷம் தள்ள ஏலாதா? என் அப்பா வந்துகொண்டிருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அப்படியொரு கேள்வியை அவர் முன்பு கேட்டதில்லை போலும். கையைக் காட்டினார், நான் போனேன்.

முப்பத்தைந்து நிமிடத்தில் ஏழு பாட்டு. அந்தப் பாட்டைக் கடைசிக்குத் தள்ளினேன். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கதவைப் பார்த்தேன். ஆறாவது பாட்டும் முடிந்தது. கதவு திறந்தது. மனம் துள்ளியது. ஒருவர் கழிவறைக்குப் போய்விட்டு வந்தார்.

பாடாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. ட்ரிஷ் பக்கவாட்டில் நிற்கிறாள், கொம்பனிக்காரர் இருவர் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நாற்பத்திரண்டு சிவப்புக் கதிரைகளுக்கு நான் அப்பாவின் கதையைப் பாடினேன். சுற்றியிருந்த சனம் எழுந்து நின்று கை தட்டியது. எனக்கு அழ வேண்டும் போலவும், யாரையாவது அடிக்க வேண்டும் போலவும் இருந்தது.

மெயின் ஆர்ட்டிஸ்ட்

மூன்று இருபதுக்கு வந்தார்கள். வாசல் மண்டபத்தில் ஒரே ஆரவாரம். உள்ளே, அந்த இரண்டாயிரம் பேரும் பார்க்க வந்த பெரிய பாடகர் பாடத் தொடங்கிவிட்டார். வெளியே எங்கள் சனம் காவலாளியோடு ரோல்ஸ் பெட்டிக்காகச் சண்டை. அம்மா பட்டுச்சேலை. அப்பா கோட் சூட், கழுத்துப் பட்டி, கையில் எனக்கென்று ஒரு பூச்செண்டு.

"துவங்கிட்டினமோ?" என்று கேட்டார்.

"முடிஞ்சுது அப்பா. நான் பாடி முடிச்சிட்டன்."

"விசர்க் கதை கதைக்காத. இப்பதானே மூண்டரை ஆகுது."

"ரெண்டு மணி எண்டு ரிக்கற்றிலேயே போட்டிருக்கு! ரெண்டு மணி எண்டா ரெண்டு மணி! நான்தான் முதல் ஆள் எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"ஓம், முதல் ஆள் எண்டு சொன்னனி. நான் அதை நம்பர் வண் எண்டு நினைச்சன் பிள்ளை. முதல்ல சின்னப்பிள்ளையள் பாடும், விளக்கேத்துவினம், பேச்சு இருக்கும், ஸ்பொன்சர் ஆக்களுக்குப் பொன்னாடை போடுவினம். மெயின் ஆர்ட்டிஸ்ட் கடைசியிலதானே வாறது. நீயெல்லே மெயின் ஆர்ட்டிஸ்ட்?"

இந்த நாட்டில் முதலில் பாடுகிறவள் ஒரு பொருட்டில்லாத ஆள் என்று, வெளியே தொங்கும் பதாகையில் என் பெயர் எறும்பளவு எழுத்தில் இருக்கிறது என்று, இந்த மனிதனுக்கு எப்படிச் சொல்வேன்? கோபம் தலைக்கேறியிருந்தது. அதோடு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. அது கோபத்தை இன்னும் கூட்டியது.

"பறவாயில்லை, இஞ்ச நிண்டு ஒண்டு பாடிவிடன்" என்றார் றீற்றா அன்ரி. "அப்பாவுக்கு எழுதின பாட்டெண்டு கொம்மா சொன்னா. அதைப் பாடு."

"ஏலாது அன்ரி!" என்று கத்தினேன். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

பஸ்ஸுக்குப் பக்கத்தில்

அப்பாவின் கோட் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனேன். கட்டிடத்துக்குப் பின்புறம் பார்க்கிங்கில் அவர்கள் வந்த பஸ் நின்றது. சாரதி எஞ்சினை நிறுத்தாமல் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு பாட்டு எழுதினனான். அதை இப்ப நீங்கள் கேக்கவேணும். கேட்டிட்டு ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லவேணும். நாளைக்குக் காலமை நான் ஆக்களுக்கு மறுமொழி சொல்லவேணும்."

"இஞ்சயோ?"

"இஞ்சதான். நேரத்துக்கு வந்திருந்தா உள்ள கேட்டிருக்கலாம்."

கிற்றார் இல்லை. எஞ்சின் இரைச்சலுக்குக் கொஞ்சம் சத்தமாகவே பாட வேண்டியிருந்தது. அப்பா பூச்செண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி கேட்டார். "சொறி சேர்" வரும் இடத்தில் நான் அவரைப் பார்க்கவில்லை. கடைசிச் சரணத்தில், அந்தச் சின்னப் பெண் முன் சீற்றில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, "உங்களால ஏலும் அப்பா" என்று சொல்கிறாள். பாடி முடித்தேன்.

அப்பா பூச்செண்டின் கடதாசியை நீவிவிட்டார். பிறகு, "டொக்கில எவ்வளவு நேரம் நிண்டதெண்டு போட்டனி?" என்றார்.

"நாப்பது நிமிசம்."

"ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும். எழுதினா ஒழுங்கா எழுதவேணும்."

"கோவமோ அப்பா?"

"இதுக்கென்ன கோவம்? ட்ரக் ஓடுற எல்லாருக்கும் முதல் வருசம் உது நடக்கிறதுதானே. தாராளமாப் பாடு."

"நீங்கள்தானே அம்மாட்டச் சொல்லாத எண்டு சொன்னனீங்கள்? நான் இருபது வருசமாப் பொத்தி வச்சிருக்கிறன்!"

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

"டொக் கதையோ? அதை அண்டைக்கே கொம்மாவுக்கு போனில சொல்லிப்போட்டன். ரெண்டு பேரும் சிரிச்சனாங்கள்." பூச்செண்டைக் கை மாற்றினார். "நான் சொல்லாத எண்டது மற்றதை. நீ இறங்கிப் போனதை."

பஸ் இரைந்துகொண்டே இருந்தது.

"நீ இறங்கிப் போய் அங்கால வேற ஒரு ட்ரக்குக்குப் பக்கத்தில நிண்டனியெல்லே. அந்த மனிசன் நீ ஆரின்ர பிள்ளை எண்டு கேட்க, தெரியாத மாதிரி மற்றப் பக்கம் பாத்தனி. கண்ணாடியில பாத்துக்கொண்டிருந்தனான். கொம்மா கேட்டா உன்னை அடிச்சிருப்பா. அதுதான் சொல்லாத எண்டனான். பாட்டில அதை விட்டது நல்ல வேலை. சின்னப்பிள்ளை செய்தது. சனம் உன்னைப் பிழையா நினைக்கும்."

நான் அதை மறந்திருந்தேன் என்று இங்கே எழுத ஆசை. மறக்கவில்லை. அந்த மற்ற ட்ரக்கின் நிறம்கூடத் தெரியும், பச்சை. பாட்டு எழுதும்போது ஒவ்வொரு தரமும் அந்த இடத்துக்கு வந்து, என்னைத் தூக்கி முன் சீற்றில் அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். தெரிந்துகொண்டுதான் பான்கேக் வாங்கித் தந்திருக்கிறார்.

திங்கட்கிழமை ட்ரிஷ்ஷை அழைத்து, பாட்டைத் தருகிறேன், ஆனால் கடைசிச் சரணம் மாறும் என்றேன். நல்ல பாட்டைக் கெடுக்காதே என்று ஏசினாள். மாற்றினேன். இன்று என் கச்சேரிகளில் சனம் போன் விளக்கை உயர்த்திப் பிடித்துப் பாடுவது, அந்தப் பெண் இறங்கிப் போய்ப் பச்சை ட்ரக்குக்குப் பக்கத்தில் நிற்கும் சரணத்தைத்தான். இந்தப் பாட்டு எனக்கு வீடு தந்தது, விருது தந்தது, இந்தப் பத்திரிகையில் எழுத இடமும் தந்தது.

அப்பாவோடு மட்டும் என்னால் முடியவில்லை. ஆல்பம் வந்த பிறகு றீற்றா அன்ரி வீட்டில் எல்லோரும் இருந்து கேட்டார்கள். அந்தச் சரணம் வந்ததும் அன்ரி பாட்டை நிறுத்திவிட்டு, "மெய்யே அண்ணை, பிள்ளை உப்பிடிச் செய்ததே?" என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"சீ, அது கற்பனை. பாட்டெண்டா கொஞ்சம் கூட்டித்தானே எழுதவேணும். என்ர பிள்ளை ஒரு இடமும் இறங்கிப் போகேல்லை. என்னோடதான் இருந்தது."

நான் எத்தனை மேடையில் சொல்லியும் பயனில்லை. இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கேட்பவர்களுக்கும் அவர் அதையேதான் சொல்லப் போகிறார்.